எண்ணூரில் பிறந்த காரும் பிரேக் இன்ஸ்பெக்டரும்

எங்கள் வீட்டு ஆஸ்டின் ஏ40 காரின் பதிவுச் சான்று மேலும் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் இந்தச் செய்தியைக் கேட்டவர்களில் பாதிப்பேர், 15 வருடம் ஆன வண்டியையே உடைக்கச் சொல்கிறார்களே, 70 வருடம் தாண்டிய வண்டிக்கு எப்படி அனுமதி கொடுத்தார்கள் என்று வியந்தார்கள். மற்றப் பாதிப்பேர், இவ்வளவு பழைய வண்டி என்றால் அதற்கு எஃப்.சி.யே தேவையில்லையாமே, பிறகு எதற்கு அலைந்தீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு கேள்விகளும் பாதி உண்மையின் மீது நிற்பவை. வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால், பழைய வண்டிகளின் சாலைத் தகுதியைப் பற்றிச் சட்டம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விட்டுவிடுகிறது என்பதை ஒரே தடவையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் பர்மிங்காமை ஒட்டிய லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து கப்பலில் பாகங்களாக வந்து இறங்கிய ஆஸ்டின் கார்களை எண்ணூரில் இணைத்து விற்றது. அதே நிறுவனம்தான் 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி, லாரி பஸ் பக்கம் போனது. எங்கள் வண்டி 1951-ஆம் ஆண்டுப் பதிவு. பழைய மதராஸ் எண். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த என் பெரியப்பா, 1973-இல் காயலாங்கடைக்குப் போகவிருந்த இதைக் கிட்டத்தட்ட இரும்பு விலைக்கு வாங்கி வந்து, இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உழைத்து ஓட வைத்தார். எண்ணூரில் பிறந்து, பெரம்பூர்க்காரர் கையில் பிழைத்து, தண்டையார்பேட்டையில் வாழும் வண்டி என்பதால் இதை வடசென்னை வண்டி என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இனிச் சட்டம். எஃப்.சி. என்று நாம் சொல்லும் தகுதிச் சான்று, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆவது பிரிவின்படி லாரி, பஸ், டாக்சி, ஆட்டோ போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு உரியது. சொந்தக் காருக்கு அந்தச் சான்று தனியாகக் கிடையாது. அதற்குப் பதிலாக, 41-ஆவது பிரிவின்படி காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை, காலம் முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள், படிவம் 25-இல் விண்ணப்பித்து, வண்டியையும் நேரில் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அப்படிக் காட்டும்போது நடக்கும் சோதனையைத்தான் ஊர் வழக்கில் காருக்கு எஃப்.சி. எடுப்பது என்கிறோம். வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகத் தமிழ்நாட்டில் தனியார் காரை யாரும் உடைக்கச் சொல்வதில்லை. 15 ஆண்டு தாண்டினால் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற விதி, 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அரசுக்குச் சொந்தமான வாகனங்களுக்கு வந்தது. 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் என்ற தடை தில்லி வட்டாரத்துக்கானது. அதற்கு அங்குள்ள காற்று காரணம். இந்த இரண்டையும் சேர்த்துப் பிசைந்துதான் எங்கள் தெருவில் வதந்தி சமைத்திருக்கிறார்கள்.

வதந்தி ஒரு பக்கம் இருக்க, கட்டணம் மட்டும் வதந்தியைவிட வேகமாக வளர்ந்திருக்கிறது. சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க ஒரு காலத்தில் 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல், 15 ஆண்டு தாண்டிய காருக்கு 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் அறிவிக்கைப்படி, 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ரூபாய். இதற்கு மேல் பசுமை வரி தனி. காலம் தவறினால் மாதத்துக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணமும் தனி. பணம் அதிகம் என்று புலம்ப நான் வரவில்லை. இந்த வண்டிக்கு ஒரு பம்பர் பாலிஷ் போடுவதற்கே அதில் பாதி ஆகிறது. கட்டணம் பதினாறு மடங்குக்கு மேல் ஏறியிருக்க, சோதனைக்கு ஒதுக்கப்படும் நேரம் ஒரு நிமிடம்கூட ஏறவில்லையே என்பதுதான் என் குறை.

அந்தச் சோதனையைப் பல முறை பார்த்திருக்கிறேன். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் பொறித்த எண்ணின் மீது காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதியை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுவார்கள். ஹெட்லைட், ஹாரன், வைப்பர், டயர் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தச் சொல்வார்கள். பின்னால் நாற்பது வண்டி வரிசையில் நிற்கும்போது எந்த அதிகாரியாலும் இதற்கு மேல் பார்க்க முடியாது. அரசாங்கம் அவருக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் என்று பெயர் சூட்டியிருந்தாலும், நம் ஊரில் பரம்பரையாக அவர் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். அவர் பார்க்க வேண்டிய ஆயிரம் விஷயங்களில் எது முதன்மையானது என்பதைச் சட்டம் எழுதியவர்களைவிட, பெயர் வைத்தவர்கள் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இது எனக்குத் தோன்றிய நாள் 2010-ஆம் ஆண்டில் வந்தது. பதிவைப் புதுப்பித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையில், துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல ஒரு பக்கம் முழுவதையும் அடைத்து நின்றன. எனக்கு முன்னால் நகர்ந்துகொண்டிருந்த ஒரு டிரெய்லர் நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். மிதி எந்த எதிர்ப்பும் காட்டாமல் தரைவரை போய் ஒட்டிக்கொண்டது. வண்டி வேகம் குறையாமல் அந்த டிரெய்லரின் பின்பக்க இரும்புச் சட்டத்தை நோக்கிப் போனது. கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்து, கியரைக் குறைத்து, வண்டியைச் சாலையோர மணலில் இறக்கினேன். நின்ற பிறகு பார்த்தால், டிரெய்லருக்கும் என் பானெட்டுக்கும் இடையே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் இடம் இருந்தது.

எங்களுடையதுபோன்ற ஏ40 டெவன் வகைக் காரில் பிரேக் அமைப்பு ஒரு விசித்திரமான கலப்பு. முன்சக்கரங்களுக்கு எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக். பின்சக்கரங்களுக்குக் கம்பி இழுத்து இயங்கும் பழைய பாணி பிரேக். அதன் பின் வந்த சோமர்செட் வகையில்தான் நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் வந்தது. அன்றைக்கு என் முன்சக்கரம் ஒன்றில், எண்ணெயின் அழுத்தத்தை வாங்கிப் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்து, எண்ணெய் முழுவதும் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்முக்குள் வடிந்துவிட்டிருந்தது. மிதியின் அழுத்தத்தை எண்ணெய்க்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படுவது ஒரே வழி என்பதால், ஒரு சக்கரத்தில் எண்ணெய் போனால் மற்றச் சக்கரத்துக்கும் அழுத்தம் போகாது. இன்றைய கார்களில் உள்ளதுபோல் இரண்டு தனித்தனி வழிகள் அந்தக் காலத்து வண்டிகளுக்குக் கிடையாது. பின்சக்கரத்துக் கம்பிகள் இருந்ததால் நான் இன்று இதை எழுதுகிறேன்.

ராயபுரத்தில் எங்கள் வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பாய், அந்த வீல் சிலிண்டரைக் கழற்றி என் கையில் கொடுத்து, உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். வழவழவென்று இருக்க வேண்டிய சுவர் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போலக் குண்டும் குழியுமாக இருந்தது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. வண்டி ஓடாமல் நிற்கும் மாதங்களில் அந்த ஈரம் சிலிண்டரின் அடியில் தங்கித் துருவாகிறது. அந்தத் துருவின் மீது ரப்பர் உரசி உரசிக் கிழிகிறது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழும் எங்களுக்கு ஈரத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. “தம்பி, வண்டி ஓடுதான்னு எல்லாரும் பாக்குறாங்க. நிக்குதான்னு நீ பாத்தியா?” என்று பாய் கேட்டார். நான் பார்க்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன் சோதித்த அதிகாரியும் பார்த்திருக்க முடியாது. அன்று மிதி கல்லைப்போல நின்றிருக்கும். டிரம்மைக் கழற்றாமல் தெரியாத நோய் அது. ஆகையால் இதில் யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மேலோட்டமாகப் பார்க்கும் ஒரு முறை, பழைய வண்டியின் உண்மையான ஆபத்தைக் கண்டுபிடிக்கும் என்று நான் நம்பியிருந்ததுதான் தவறு.

இப்போது வின்டேஜ் விதிக்கு வருகிறேன். 2021 ஜூலை 15 அன்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதலான புதிய விதிகள் சேர்க்கப்பட்டன. முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை வின்டேஜ் என்று பதிவு செய்துகொள்ளலாம். வண்டி அதன் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும்; சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. மாநில அரசு அமைக்கும் குழு வண்டியைப் பார்த்து ஒப்புதல் அளித்தால், மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து வி.ஏ. என்ற எழுத்துகள் வரும் எண் கிடைக்கும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். இவ்வளவும் கொடுத்துவிட்டுச் சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்கிறது: அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் இறக்கலாம்.

எங்கள் பெரியம்மா பௌர்ணமிதோறும் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு இந்த வண்டியில்தான் போகிறார். வடிவுடையம்மனைத் தரிசிப்பதை எந்த அதிகாரியிடமும் தொழில்நுட்ப ஆராய்ச்சி என்று நிரூபிக்க முடியாது. வின்டேஜ் பதிவு வேண்டாம் என்று நான் முடிவெடுத்ததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் இன்ஜின். வண்டியோடு வந்த 1,200 சி.சி. இன்ஜினின் பிளாக் 1978-இல் வெடிப்பு விட்டது. உதிரிப்பாகம் கிடைக்காத காலம். பெரியப்பா ஒரு பழைய அம்பாசிடரிலிருந்து 1,489 சி.சி. இன்ஜினை எடுத்துப் பொருத்தி, ஆர்.சி. புத்தகத்திலும் முறைப்படி எழுதி வாங்கிக்கொண்டார். அந்தப் பொருத்தம் கண்ணை மூடிக்கொண்டு செய்ததல்ல. அம்பாசிடரில் இருந்தது பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி வரிசை இன்ஜின்; அந்த வரிசைக்கு முன்னோடியே ஏ40-இன் 1,200 சி.சி. இன்ஜின்தான். தாத்தாவின் நாற்காலியில் பேரனை உட்கார வைத்ததுபோல என்று பெரியப்பா சொல்லுவார். ஆனால் விதியின் எழுத்துப்படி பார்த்தால், இன்ஜின் மாறிய இந்த வண்டி மூல வடிவில் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு வண்டி வியாசர்பாடியில் என் நண்பர் வீட்டில் இருக்கிறது. 1950களின் ஃபியட் 1100. இன்ஜின், பாடி, டேஷ்போர்டு, இருக்கைத் துணிவரை எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. வின்டேஜ் குழுவின் முன் நிறுத்தினால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அதைப் பாயிடம் காட்டியபோது அவர் முதலில் முன்சக்கரத்தின் பின்னால் கையை விட்டு, பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தார். அது காய்ந்த புளியங்காய் ஓடுபோல வெடிப்பு விட்டிருந்தது. அதுவும் மூல வடிவில்தான் இருந்தது. நண்பர் அன்றே அதை மாற்றிவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வண்டி எவ்வளவு அசலானது என்பதும், எவ்வளவு பத்திரமானது என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதை அந்த ஒரு சாண் குழாயைவிட நன்றாக எதுவும் எனக்குச் சொன்னதில்லை. வின்டேஜ் விதி முதல் கேள்வியைக் குழு வைத்துக் கேட்கிறது; அதன் பிறகு 10 ஆண்டுகளுக்கு இரண்டாவது கேள்வியை யாரும் கேட்க வேண்டியதில்லை.

எங்கள் வண்டி பிறந்திருக்க வேண்டிய நாட்டிலும் இதே குழப்பம் உண்டு. பிரிட்டனில் எம்.ஓ.டி. என்று அழைக்கப்படும் கட்டாயச் சோதனை 1960-இல் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது தொடங்கியது. பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் இவைதான் முதலில் சோதிக்கப்பட்டன. 10 ஆண்டு ஆன கார்களுக்கு என்று ஆரம்பித்தார்கள். தேறாத வண்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் திடுக்கிட்டு, மறு ஆண்டே அதை 7 ஆண்டாகவும், 1967-இல் 3 ஆண்டாகவும் குறைத்தார்கள். ஏ40 டெவன் 1947-இல் சந்தைக்கு வந்தது என்பதை நினைவில் வைத்தால், அந்தச் சோதனை முதன்முதலில் யாரைப் பிடித்துக் கேள்வி கேட்டது என்பது விளங்கும்: எங்கள் வண்டியின் உடன்பிறப்புகளைத்தான். அதே உடன்பிறப்புகளுக்கு இன்று அங்கே எந்தச் சோதனையும் கட்டாயமில்லை. 2012 நவம்பரில், 1960-க்கு முந்தைய வண்டிகளுக்கு விலக்கு அளித்தார்கள். 2018 மே 20 முதல், 40 ஆண்டு தாண்டிய எந்தக் காருக்கும் விலக்கு உண்டு, கடந்த 30 ஆண்டுகளில் அது பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால். பழைய வண்டிக்கு எஃப்.சி.யே தேவையில்லை என்று எங்கள் தெருவில் சொன்னவர்கள் இதைத்தான் எங்கோ கேட்டிருக்கிறார்கள்.

அந்த விலக்கின் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் அதைக் குழந்தையைப்போலப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்குச் சில நூறு மைல்தான் ஓட்டுகிறார்கள். இன்றைய கார்களுக்கென வகுத்த சோதனை அன்றைய கார்களுக்குப் பொருந்தாது. மூன்றும் உண்மை. விலக்குப் பெற்ற வண்டியும் சாலைக்குத் தகுந்த நிலையில் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆபத்தான நிலையில் ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதமும் உண்டு. ஆனால் குறைவாக ஓடும் வண்டிதான் பிரேக் விஷயத்தில் அதிக ஆபத்தானது என்பதை என் வீல் சிலிண்டர் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நல்லெண்ணம் டிரம்முக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

பிரிட்டனிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது விலக்கை அல்ல, பெரிய மாற்றம் எது என்பதற்கு அவர்கள் வகுத்த இலக்கணத்தை. சேசிஸ், அச்சுகள், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் ஆகியவற்றின் வகையை மாற்றுவதும், மூல இன்ஜினுக்கு மாறான எண்ணிக்கையில் சிலிண்டர்கள் கொண்ட இன்ஜினை வைப்பதும் பொதுவாகப் பெரிய மாற்றங்கள். அதே சமயம், மூலப் பாகம் கிடைக்காததால் வண்டியைக் காப்பாற்றச் செய்த மாற்றமும், அந்த வகைக் கார் உற்பத்தியில் இருந்த காலத்திலோ அது நின்று பத்து ஆண்டுக்குள்ளோ வழக்கில் இருந்த மாற்றமும், அச்சு, சக்கரம் சார்ந்த பகுதிகளில் பாதுகாப்புக்காகவே செய்த மாற்றமும் குற்றமாகாது. இந்த அளவுகோலில் எங்கள் நான்கு சிலிண்டர் அம்பாசிடர் இன்ஜினுக்கு வாதாட இடம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, டெவன் காருக்குச் சோமர்செட்டின் பிரேக்கைப் பொருத்த நினைப்பவன் பயப்பட வேண்டியதில்லை. நம் விதியிலும் பெரிய மாற்றங்களின் பட்டியலில் பிரேக் இல்லை. ஆனாலும் பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம் மூல வடிவத்தைக் கெடுக்காது என்று வெளிப்படையாக ஒரு வரி எழுதியிருந்தால், பிரேக்கை மேம்படுத்த யோசிக்கும் பலர் யோசிப்பதை நிறுத்திச் செய்துவிடுவார்கள்.

விலக்கும் அளிக்காமல், மூச்சுத் திணறவும் வைக்காமல் நடுவழி கண்ட நாடுகளும் உண்டு. ஜெர்மனியில் 30 ஆண்டு தாண்டிய, நன்றாகப் பேணப்பட்ட கார், நிபுணரின் மதிப்பீட்டுக்குப் பிறகு எச் என்ற எழுத்தில் முடியும் எண்ணைப் பெறுகிறது; வரிச் சலுகையும் கிடைக்கிறது. ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சோதனையிலிருந்து அதற்குத் தப்பிப்பு இல்லை. பிரான்சில் சேகரிப்பு வண்டி என்று பதிவானால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சோதனை. 1960-க்கு முந்தையவற்றுக்கு மட்டும் விலக்கு. எனக்கு ஜெர்மானியரின் வழிதான் பிடித்திருக்கிறது. மரியாதையையும் கொடுக்கிறார்கள், டிரம்மையும் பார்க்கிறார்கள்.

நம் நாட்டில் லாரி, பஸ்களுக்கு இயந்திரச் சோதனை நிலையங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. உருளைகளின் மீது சக்கரத்தை ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் பலத்தையும் தனித்தனியாக அளக்கும் கருவி, ஸ்டீயரிங் மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பார்க்கும் தட்டு, ஹெட்லைட் வெளிச்சத்தை அளக்கும் கருவி எல்லாம் அங்கே உண்டு. நாளைக்குச் சொந்தக் கார்களுக்கும் அவை வந்தால் பழைய வண்டிக்காரர்களில் பலர் அஞ்சுவார்கள். நான் வரவேற்பேன், ஒரு நிபந்தனையோடு: வண்டியை அது பிறந்த ஆண்டின் அளவுகோலால் அளக்க வேண்டும். எங்கள் காரில் மஞ்சள் இண்டிகேட்டர் கிடையாது; கதவுத் தூணிலிருந்து சிறகுபோல வெளியே நீளும் கைகாட்டிதான் உண்டு. சீட் பெல்ட் கிடையாது. இவற்றுக்காக இதைத் தோற்கடிப்பது, பாட்டிக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று ரேஷன் மறுப்பதைப் போன்றது.

இந்த நிபந்தனையை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. புகைச் சோதனையில் நம் விதிகள் பல ஆண்டுகளாக இதையே செய்கின்றன. பாரத் ஸ்டேஜ் என்பது புதுக் கார்களின் புகைக்கு வரம்பு வகுக்கும் படிநிலை. அதில் 4-ஆவது நிலையைச் சேர்ந்த பெட்ரோல் காரின் புகையில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 200 பங்கு) தாண்டக் கூடாது. பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய கார்களுக்கு அதே அளவுகள் 3 சதவீதமும் 1,500 பி.பி.எம்.மும். கார்புரேட்டர் வண்டியால் முடிந்தது எவ்வளவு என்று தெரிந்து வைத்துக்கொண்டு எழுதிய அளவுகள் அவை; ஒழுங்காக டியூன் செய்த எங்கள் வண்டி அதில் சிரமமில்லாமல் தேறுகிறது. அதுவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. புகைக்கு வயது பார்த்து அளவுகோல் வகுக்கத் தெரிந்த விதிக்கு, அதே கண்ணால் பிரேக்கைப் பார்க்கத் தெரியாதா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை காரின் புகையை முகர்ந்துவிட்டு, அதன் பிரேக்கை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்கும் ஏற்பாட்டில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

அப்படி ஒரு விதி வரும்வரை, 2010-க்குப் பிறகு ஒவ்வொரு தை மாதமும் பாய் கடையில் எங்களுக்கு நாங்களே எஃப்.சி. எடுத்துக்கொள்கிறோம். நான்கு டிரம்மையும் கழற்றிவிடுவார். வீல் சிலிண்டர்களின் ரப்பர் கிட், கெட்டிருந்தாலும் கெடாவிட்டாலும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறும். பிரேக் எண்ணெய் முழுவதும் ஆண்டுதோறும் மாறும். பின்சக்கரத்துக் கம்பிகளின் மூட்டுகளில் கிரீஸ் ஏற்றப்படும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி, முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் தேய்மானத்தைப் பார்ப்பார். எங்கள் கைக்குத் தெரியாத ஆட்டம் அவர் கைக்குத் தெரியும். பெட்ரோல் குழாய்களின் மீது இப்போது தனிக் கவனம், ஏனென்றால் பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால்; அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது. இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவதைவிட மோசமானது எதுவுமில்லை என்பதால் எல்லாக் குழாய்களையும் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டோம். டயர்கள் ஜீப்புக்கு வரும் 16 அங்குல வகை. தேயவே தேயாது என்பதுதான் அவற்றின் ஆபத்து, 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்கிறதா என்ற விதியை இருபது வருடம் ஆனாலும் தேறிவிடும், அதற்குள் பக்கவாட்டில் வெடித்திருக்கும். பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்கள், டயர் பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்பவை. நான் அவற்றைத்தான் பார்க்கிறேன்.

எல்லாவற்றிலும் கடினமானது சேசிஸ். காசிமேட்டுக் காற்று அடிக்கும் இடத்தில் இரும்பு வெளியில் துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியும்; பெட்டிபோல மூடிய சட்டத்துக்குள் பிடிப்பது தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் தண்ணீர் நின்று வண்டியின் அடித்தட்டுவரை ஏறியது. வடிந்த பிறகு பாய் சிறு சுத்தியலால் சட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு மணிபோல ஒலித்தது. இடது பக்கம் ஒரு முழ நீளத்துக்குப் பழுத்த பலாப்பழத்தைத் தட்டியதுபோல மொத்தென்றது. வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தால் எந்தச் சோதனையிலும் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்பது பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த முறை புதுப்பிக்கப் போனபோது எங்களுக்கு வாய்த்த பிரேக் இன்ஸ்பெக்டர் இளைஞர். சேசிஸ் எண்ணைச் சரிபார்த்துவிட்டு, கைகாட்டியை இரண்டு முறை நீட்டி மடக்கச் சொல்லிச் சிரித்தார். பிறகு மைதானத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய் முழுதாக மிதிக்கச் சொன்னார். வண்டி கோணாமல் நேராக நின்றது. அவர் வண்டியை விட்டுவிட்டுப் பின்னால் நடந்து போய், மண்ணில் விழுந்த தடங்களைக் குனிந்து பார்த்தார். “முன்சக்கரத் தடம் அழுத்தமா இருக்கு, பின்னாடி லேசா இருக்கே, ஏன் பாய்?” என்று கேட்டார். பின்னால் கம்பிப் பிரேக் சார், என்று பாய் தொடங்கினார். முன்னால் எண்ணெய், பின்னால் கம்பி என்பதை அந்த இளைஞர் நம்பவில்லை. வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்க அங்கே குழி கிடையாது. வரிசையில் நின்றவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் பின் இருக்கையில் கிடந்த செய்தித்தாளை எடுத்துத் தரையில் விரித்து, மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தார். பாயும் மறுபக்கத்திலிருந்து படுத்து, டார்ச் அடித்து, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் கழித்து இருவரும் எழுந்தபோது, இன்ஸ்பெக்டரின் சட்டைக் கையில் கிரீஸ். அவர் அதைத் துடைக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.